கூடப்பிறந்த கியர் பாக்ஸா, இடையில் வந்ததா?

பழைய வண்டி: கேள்வி – பதில்

இந்த முறை கியர் பாக்ஸ் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். எல்லாம் குமரி மாவட்டத்து வாசகர்களுடையவை. ஒருவர் மட்டும் வளைகுடாவிலிருந்து எழுதியிருக்கிறார்.

தாத்தாவின் தம்பி வைத்திருந்த 1965 எம்ஜிபி திறந்த கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. வாங்க வந்தவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் ஒரிஜினல் இல்லை, அம்பாசடருடையதை மாட்டியிருக்கிறார்கள்" என்று சொல்லி விலையைப் பாதியாக்குகிறார். அவர் சொல்வது உண்மையா என்று பாக்ஸை இறக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பெரும்பாலும் முடியும். அதற்கு முன், "ஒரிஜினல்" என்ற சொல்லை அவர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று கேளுங்கள். அந்த மாடலுக்கு உரிய வகை பாக்ஸா என்பது ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் வார்த்த பாக்ஸா என்பது இரண்டாவது. தொழிற்சாலையில் இதே காரில் ஏற்றிய அதே பாக்ஸா என்பது மூன்றாவது. எம்ஜிபியில் முதல் கேள்விக்கு உறுதியான பதில் கிடைக்கும். மூன்றாவதற்குக் கிடைக்காது. எம்ஜி நிறுவனத்தின் உற்பத்திப் பதிவுகளிலிருந்து தரப்படும் ஹெரிட்டேஜ் சான்றிதழில் சேஸிஸ் எண், என்ஜின் எண், நிறம், கட்டிய தேதி எல்லாம் வரும். கியர் பாக்ஸ் எண் வராது. ஆகவே எம்ஜிபியில் "கியர் பாக்ஸ் நம்பர் பொருந்துகிறது" என்று விலையை ஏற்றுபவரையும், "பொருந்தவில்லை" என்று இறக்குபவரையும் ஒரே தட்டில் வைக்கலாம். பேச வேண்டியது வகையைப் பற்றித்தான்.

1962 முதல் 1967 இறுதி வரை வந்த மார்க் 1 எம்ஜிபியில் நான்கு முன் கியர்கள். அவற்றில் 2, 3, 4-க்கு மட்டும் சிங்க்ரோ (பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு) உண்டு, முதல் கியருக்குக் கிடையாது. 1967 நவம்பரில் வந்த மார்க் 2-வில் நான்குக்கும் சிங்க்ரோ. உங்கள் சேஸிஸ் எண் ஜிஎச்என்3 என்று தொடங்கினால் மார்க் 1, ஜிஎச்என்4 என்றால் மார்க் 2. ஐந்து முன் கியர் இருந்தால் சோதனையே வேண்டாம். எந்த எம்ஜிபியும் ஐந்து கியருடன் தொழிற்சாலையை விட்டு வந்ததில்லை. நம் ஊரில் அப்படி இருந்தால் இசுசு என்ஜின் அம்பாசடரின் பாக்ஸாக இருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள். கியர் பாக்ஸ் எண்ணுக்கு அதில் இடமே இல்லை. ஆனால் என்ஜின் எண் இருக்கிறது, அதற்குள் கியர் பாக்ஸைப் பற்றிய குறிப்பு ஒளிந்திருக்கிறது. 18ஜிபி-யு-எச் என்று தொடங்கினால் ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது என்ஜின் சுற்றைக் குறைக்கும் துணை கியர்) இல்லாத பாக்ஸுக்கான என்ஜின். 18ஜிபி-ஆர்யு-எச் என்றால் ஓவர்டிரைவ் உள்ள பாக்ஸுடன் வந்த என்ஜின். (எச் என்பது அழுத்த விகிதம், அது நமக்கு இங்கே தேவையில்லை.) ஆர்.சி.யில் 'ஆர்யு' இருந்து, காரில் ஓவர்டிரைவும் அதன் சுவிட்சும் இல்லாமல் இருந்தால் பாக்ஸ் மாறியிருக்கிறது என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். எம்ஜிபியில் என்ஜின் எண் பிளாக்கின் மேல் ரிவெட் அடித்த சிறு தகட்டில்தான் இருக்கும், பிளாக்கிலேயே வெட்டியிருக்காது. தகடு ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்கு இடம் பெயரக்கூடியது. ரிவெட்டின் தலை புதிதாக மின்னுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஓடும் சோதனை. சமதளச் சாலையில் வண்டியை ஆள் நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவந்து, கிளட்சை முழுதாக மிதித்து, லீவரை முதல் கியரை நோக்கி மெல்லத் தள்ளுங்கள். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தால் முதல் கியருக்கு சிங்க்ரோ இருக்கிறது. அப்படியானால் அது மார்க் 1-க்கு உரிய பாக்ஸ் அல்ல. 'கர்ர்' என்றால் உடனே விட்டுவிடுங்கள், பல்லை அரைக்க வேண்டாம். இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் பேசும். சத்தம் வராவிட்டால் சிங்க்ரோ உண்டு என்று உறுதி. சத்தம் வந்தால் சிங்க்ரோ இல்லை என்றும் இருக்கலாம், இருந்த சிங்க்ரோ தேய்ந்தும் இருக்கலாம்.

வேகமானியையும் ஆர்பிஎம் மீட்டரையும் டாப் கியரில் பார்த்து முடிவு சொல்பவர்கள் உண்டு. வீண் வேலை. டாப் கியரில் விகிதம் 1-க்கு 1. நான்கு கியர் பாக்ஸ் எதுவானாலும் அந்த விகிதம் ஒன்றுதான். எம்ஜிபியின் இரண்டு வகை பாக்ஸுக்கும் மூன்றாம் கியர்கூடக் கிட்டத்தட்ட ஒன்றே (1.37, 1.38). வித்தியாசம் முதல் கியரிலும் ரிவர்ஸிலும்தான். மூன்று சிங்க்ரோ பாக்ஸில் முதல் கியர் 3.64, ரிவர்ஸ் 4.75. நான்கு சிங்க்ரோ பாக்ஸில் முதல் கியர் 3.44, ரிவர்ஸ் 3.09. ரிவர்ஸில் உள்ள இடைவெளி பெரியது, கையால் சுற்றியே கண்டுபிடித்துவிடலாம்.

முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். பின் இரண்டு சக்கரங்களையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள், பேட்டரி வயரையும் எடுத்துவிடுங்கள். கிராங்க் புல்லியிலும், கியர் பாக்ஸ் பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ஃபிளாஞ்சிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ரிவர்ஸில் போட்டு, புல்லி நட்டில் சாக்கெட் வைத்து, முன்னிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றாகவே திருப்புங்கள். எதிர்ப்புறம் திருப்பினால் நட் தளர்ந்துவிடும். புல்லி 19 சுற்று சுற்றும்போது அடியில் இருப்பவர் ஷாஃப்டின் சுற்றை எண்ணட்டும். 4 சுற்று என்றால் மூன்று சிங்க்ரோ விகிதம். 6 சுற்றைத் தாண்டினால் நான்கு சிங்க்ரோ பாக்ஸ். இரண்டுக்கும் ஒட்டாத எண் வந்தால் அது எம்ஜிபி பாக்ஸே இல்லை. சக்கரத்தைப் பார்த்து எண்ணாதீர்கள். டிஃபரென்ஷியல் ஒரு சக்கரத்தை நிறுத்திவிட்டு மற்றதைச் சுற்றவிடும், கணக்கு பிசகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: முந்தைய மாடலான எம்ஜிஏவின் பாக்ஸும் ஏறக்குறைய இதே விகிதங்கள்தான். ஆகவே விகிதம் பொருந்தியதும் கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடாமல் அடியில் படுத்தபடியே இன்னும் சிலவற்றைப் பாருங்கள். பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் புதிய துளை, வெல்டிங், வாஷர் அடுக்கி உயரம் சரிசெய்த தடம் இருக்கிறதா? ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை நடுவில் வெட்டி ஒட்டியிருக்கிறார்களா? டனலின் (பாக்ஸுக்கு மேலே காரின் தரை வளைந்து நிற்கும் பகுதி) உட்புறம் சுத்தியலால் தட்டி விரித்த பள்ளம் தெரிகிறதா? மார்க் 2-வில் புதிய பாக்ஸுக்காக டனலையே அகலமாக்கினார்கள். அந்த பாக்ஸை மார்க் 1-க்குள் ஏற்றியவர் டனலைத் தொடாமல் விட்டிருக்க மாட்டார். ஸ்டார்ட்டர் மோட்டாரும் சாட்சி சொல்லும். மார்க் 1-க்கு உரியது சொலினாய்டு தனியாக இருக்கும் பழைய வகை. மார்க் 2-வில் சொலினாய்டு ஸ்டார்ட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும்.

அம்பாசடர் விஷயத்துக்கு வருவோம். வாங்க வந்தவர் காற்றில் சொல்லவில்லை. அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி என்ஜினும் பிஎம்சி பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். உதிரி பாகம் கிடைக்காத காலத்தில் ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் போட்டிருக்கிறார்கள். ஆனால் அம்பாசடரில் கியர் லீவர் ஸ்டீயரிங் தண்டில் இருந்தது, எம்ஜிபியில் தரையில். அந்த பாக்ஸைத் தரை லீவருக்கு மாற்றினால் பட்டறையில் செய்த கம்பி, பிராக்கெட், அடைத்த துளை என்று ஏதாவது ஒன்று பாக்ஸின் மேலேயோ பக்கவாட்டிலேயோ துருத்திக்கொண்டு நிற்கும். எம்ஜிபியின் சொந்த பாக்ஸில் லீவர் வரும் அலுமினிய நீட்சி, வார்ப்பிலேயே சுத்தமாக இருக்கும். ரிவர்ஸ் கணக்கும் சரி, அடியில் ஒட்டுவேலையும் இல்லை என்றால் வண்டியின் விலையைப் பாதியாக்க அவருக்குக் காரணம் இல்லை.

இன்னும் ஐயம் இருந்தால் ஸ்பீடோமீட்டரைக் கேளுங்கள். ஸ்மித்ஸ் மீட்டரின் டயலில், கீழ்ப்பக்கம் சிறிய எழுத்தில், மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்ற எண் அச்சிட்டிருக்கும். மீட்டருக்குப் பின்னால் கேபிளைக் கழற்றி, உள் கம்பியில் காகிதக் கொடி ஒன்றை ஒட்டுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, பின் சக்கரம் சரியாக 6 சுற்று சுற்றும் அளவு வண்டியை நேராகத் தள்ளி, கொடி எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுங்கள். சக்கர நடுவிலிருந்து தரை வரை உள்ள உயரத்தை சென்டிமீட்டரில் அளங்கள். கொடியின் சுற்றை 4269-ஆல் பெருக்கி அந்த உயரத்தால் வகுத்தால் மைலுக்கான சுற்று வரும். கொடி 7¼ சுற்று, உயரம் 29.5 என்றால் விடை 1049. டயலில் உள்ள எண் இதற்குப் பக்கத்தில் இருந்தால் மீட்டரும் பாக்ஸும் ஒரு ஜோடி. பெரிதாக விலகினால் பாக்ஸ், ஆக்ஸில், மீட்டர் மூன்றில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. எது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2 வைத்திருக்கிறேன். முதல் கியரில் மிக மெதுவாகப் போகிறது, என்ஜின் மட்டும் அலறுகிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு பாக்ஸ் போட்டிருக்கலாம் என்கிறார் மெக்கானிக். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்குமாமே?
– வாசகர், நாகர்கோவில்

ஆம், கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஸ்பிட்ஃபயர் பிறந்ததே ஹெரால்டின் பாகங்களை வைத்துத்தான். மெட்ராஸில் ஹெரால்டு 1961 முதல் தயாரானதால், நம் பக்கத்தில் ஸ்பிட்ஃபயருக்கு மிக எளிதாகக் கிடைத்த மாற்று பாக்ஸ் அதுவே. உங்கள் மெக்கானிக்கின் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது.

முதல் கியர் சிங்க்ரோ சோதனை இங்கே உதவாது, இரண்டிலுமே கிடையாது. விகிதத்தை எண்ணுங்கள். ஸ்பிட்ஃபயர் மார்க் 1, 2, 3-இல் முதல் கியர் 3.75. 948 சிசி ஹெரால்டில் 4.27. மேலே மார்த்தாண்டம் வாசகருக்குச் சொன்ன ஏற்பாட்டிலேயே, முதல் கியரில் போட்டு, ஷாஃப்ட் 4 சுற்று முடிக்கும் வரை புல்லியைத் திருப்புங்கள். 15 சுற்று என்றால் ஸ்பிட்ஃபயர், 17-க்குச் சற்று மேலே என்றால் ஹெரால்டு. இரண்டாம் கியரிலும் சரிபார்க்கலாம்: ஸ்பிட்ஃபயரில் 2.16, ஹெரால்டில் 2.46.

எண்ணைப் பார்ப்பதும் இந்தக் காரில் சுலபம். பாக்ஸ் காருக்குள்ளிருந்தே வெளியே வரும்படி வடிவமைத்திருக்கிறார்கள். இருக்கைகளையும் கார்பெட்டையும் எடுத்து, கியர் குமிழைக் கழற்றி, டனல் மூடியைச் சுற்றியுள்ள திருகுகளை எடுத்தால் முழு பாக்ஸும் கண்முன் கிடக்கும். மூடி அட்டை போன்ற பொருளால் ஆனது. மழையில் ஊறி உப்பியிருந்தால் நெம்பாமல் மெல்ல எடுங்கள், உடைந்தால் ஒட்டாது. கேஸில் வெட்டிய எண்ணின் முன்னெழுத்து எஃப்சி என்றால் மார்க் 1 அல்லது 2. எஃப்டி என்றால் மார்க் 3-இலிருந்து வந்தது. விகிதம் ஒன்றே, ஆனால் உங்கள் காருடையது அல்ல. எழுத்து பொருந்தினாலும் எண் காரின் எண்ணோடு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. என்ஜின், பாக்ஸ், கார் மூன்றுக்கும் தனித்தனி வரிசை, அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

கேஸில் எஃப்சி இருந்தும் விகிதம் 4.27 வருகிறதா? அதுவும் நடக்கக்கூடியதுதான். கேஸை வைத்துக்கொண்டு உள்ளே ஹெரால்டு பற்களைப் போட்டிருப்பார்கள். அப்படியானால் வருத்தப்படத் தேவையில்லை. பற்கள் வாங்கக் கிடைக்கும், எண் உள்ள கேஸ்தான் கிடைக்காது.

கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. ஷெட்டில் நிற்கும் காரின் கியர் பாக்ஸ் முழுதும் வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கிறது, நம்பர் தெரியவில்லை. சாண்ட் பிளாஸ்டிங் செய்து எடுக்கலாமா?
– வாசகர், குளச்சல்

கூடவே கூடாது. அந்தப் பொடி உப்புக் காற்றில் அலுமினியம் அரித்துப் பூத்தது. எண்ணின் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மணல் அடித்தால் பொடியோடு எண்ணின் விளிம்பும் போய்விடும். கம்பி பிரஷ்ஷும், கிரைண்டரில் மாட்டும் கம்பிச் சக்கரமும் அதே தீமையைத்தான் செய்யும். பின்னாளில் யாராவது பார்த்தால், பழைய எண்ணை அரைத்துவிட்டுப் புதிதாக வெட்டியதாகவே நினைப்பார்கள்.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எண் இருக்கும் இடத்தின் மேல் ஒரு இரவு போட்டு வையுங்கள். மறுநாள் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். மீதி அழுக்கை மூங்கில் குச்சியை சீவிச் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம். தேங்காய் நார் இருக்கும் ஊரில் வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. நாரைச் சுருட்டித் தேய்த்தால் போதும். காஸ்டிக் சோடா கலந்த கிளீனர் எதுவும் அலுமினியத்தின் பக்கம் வரவே கூடாது, அது உலோகத்தையே தின்னும்.

நன்றாக உலர்ந்தபின் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். மேற்பரப்பைத் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சை நேராக அடிக்காமல், தரையோடு சாய்த்துப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் படம் எடுங்கள். நான்கு திசையிலிருந்தும் நான்கு படம் எடுத்தால், ஒன்றில் தெரியாத 3-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் இன்னொன்றில் தெரியும். கை நுழையாத இடமென்றால் போனில் செருகும் குழாய் கேமரா போதும். முடிந்ததும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள்.

கேரளத்தில் ஒருவர் 1963 ஜாகுவார் இ-டைப் விற்கிறார். "எல்லா நம்பரும் மேட்ச்" என்கிறார். கியர் பாக்ஸ் விஷயத்தில் எதை நம்புவது?
– வாசகர், களியக்காவிளை

எம்ஜியில் சொன்னதை இங்கே மறந்துவிடுங்கள். இ-டைப்பில் கியர் பாக்ஸ் எண்ணை உண்மையிலேயே நிரூபிக்கலாம். என்ஜின் அறையில் உள்ள தகட்டில் கார் எண், என்ஜின் எண், பாடி எண், கியர் பாக்ஸ் எண் நான்கும் வெட்டப்பட்டிருக்கும். தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து ஜாகுவார் டைம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழிலும் கியர் பாக்ஸ் எண் வரும். மூன்றாவது சாட்சி பாக்ஸின் மேலேயே இருக்கிறது: கேஸின் பின்புற இடது மூலையில் ஒரு முறை, மேல் மூடியில் ஒரு முறை.

ஏமாற்று நடப்பது இந்த இடத்தில்தான். மேல் மூடி சில போல்ட்டுகளில் நிற்பது. பழைய மூடியை எடுத்து வேறு கேஸில் மாட்டிவிட்டு, மூடியின் எண்ணை மட்டும் காட்டி "மேட்ச்" என்பார்கள். கேஸின் மூலையில் உள்ள எண்ணையும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். "அது தெரியாது, என்ஜினோடு சேர்த்து இறக்கினால்தான் தெரியும்" என்று பதில் வந்தால், இந்தக் காரில் என்ஜினும் பாக்ஸும் ஒன்றாகத்தான் இறங்கும் என்பது உண்மையே. ஆனால் குழாய் கேமராவுக்கு அந்தச் சிரமம் இல்லை. தகட்டையும் தனியாக நம்ப வேண்டாம், எழுத்தில்லாத புதுத் தகடு விலைக்குக் கிடைக்கிறது.

1963 கார் என்பதால் 3.8 லிட்டர் என்ஜின். அதற்கு உரியது மாஸ் பாக்ஸ். எண் இபி என்று தொடங்கி ஜேஎஸ் என்று முடியும். இஜே என்று தொடங்கினால் 1964 அக்டோபரில் வந்த 4.2 காரின் பாக்ஸ். அது ஓட்ட எத்தனையோ மேல், பலர் வேண்டுமென்றே மாற்றிக்கொண்டதும் உண்டு; ஆனால் 'மேட்ச்' ஆகாது. மாஸ் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை. முதல் கியரில் ஓடும்போது ஊளையிடும், அது நோயல்ல, பிறவிக் குணம். கேஸ் வார்ப்பிரும்பு என்பதால் சட்டைப் பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். கேஸின் பக்கவாட்டில் காந்தம் ஒட்டாவிட்டால், பின்னாளில் ஏற்றிய அலுமினிய ஐந்து கியர் பாக்ஸாக இருக்கும். பெல் ஹவுசிங்கிலும் மேல் மூடியிலும் வைத்துப் பார்த்துக் குழம்பாதீர்கள், அவை எப்படியும் அலுமினியம்தான்.

எண்ணைத் திரும்ப வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்க, எண்ணை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள பரப்பைப் பாருங்கள். அரைத்த கீறல்கள் ஒரே திசையில் ஓடுகின்றனவா, எண் இருக்கும் இடம் மட்டும் சற்றே குழிந்திருக்கிறதா, மூடியில் உள்ள எழுத்தின் வடிவமும் கேஸில் உள்ளதும் ஒரே பன்ச்சால் அடித்ததுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். தொழிற்சாலையில் கையால் அடித்த எண் கொஞ்சம் கோணலாகவே இருக்கும். அளவெடுத்ததுபோல் நேராக நின்றால் எனக்கென்னவோ சந்தேகம்தான் வரும்.

தமாமில் வேலை செய்கிறேன். இங்கே ஒரு 1969 கார்வெட் பார்த்திருக்கிறேன். கியர் பாக்ஸில் பி9எச்12பி என்று இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?
– தக்கலை வாசகர், சவூதி அரேபியா

முதல் பி, பாக்ஸ் தயாரான மன்சி தொழிற்சாலையின் குறி. 9 என்பது 1969. எச் என்பது ஜூன், ஏனென்றால் இவர்களின் மாத எழுத்து வரிசை நேராகப் போவதில்லை: ஜனவரி முதல் மே வரை ஏ, பி, சி, டி, இ, அதன்பின் ஜூன் எச், ஜூலை கே, ஆகஸ்ட் எம், செப்டம்பர் பி (தொழிற்சாலைக் குறியில் உள்ள அதே பி), அக்டோபர் ஆர், நவம்பர் எஸ், டிசம்பர் டி (ஏப்ரலின் டி அல்ல, ஆங்கில வரிசையின் இருபதாவது எழுத்து). 12 என்பது தேதி. கடைசி எழுத்து, ஆங்கில வரிசையின் இரண்டாவது எழுத்தான பி, எம்21 என்னும் நெருக்க விகித பாக்ஸைக் குறிக்கும். முதல் கியர் 2.20. ஏ என்றால் எம்20, சி என்றால் எம்22.

கார் கட்டிய தேதி ஜூன் 12-க்குப் பின், சில வாரங்களுக்குள் இருக்க வேண்டும். கார் ஏப்ரலில் கட்டியதென்றால் பாக்ஸ் பிறப்பதற்கு முன்பே கார் ஓடிவிட்டது! அதே கேஸில் காரின் எண்ணிலிருந்து எடுத்த இன்னொரு எண்ணும் தனியாக வெட்டியிருக்கும். 1969 கார்வெட்டில் அது 19எஸ்7 என்று தொடங்கும். அதன் கடைசி ஆறு இலக்கமும் காரின் கடைசி ஆறு இலக்கமும் ஒன்றாக இருந்தால்தான் கூடப்பிறந்தது. பெரிய எழுத்தில் புடைத்திருக்கும் வார்ப்பு எண் 3925660 என்றால் கேஸும் காலத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் அந்தக் காலத்து மன்சி கேஸ்கள் பலவற்றிலும் அந்த எண் வருவதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

50 வயது தாண்டிய காரை வின்டேஜ் பதிவு செய்யப் போகிறேன். கியர் பாக்ஸ் மாறியிருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தடை வருமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

2021-இல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. கியர் பாக்ஸ் என்ற சொல் அந்த வரையறையில் இல்லை. ஆனால் பாக்ஸை ஏற்றுவதற்காக சேஸிஸ் குறுக்குச் சட்டத்தையோ டனலையோ வெட்டியிருந்தால் அது சேஸிஸ் மாற்றம், பாடி மாற்றம் என்ற கணக்கில் வந்துவிடும். மாற்று பாக்ஸ் பழைய போல்ட் துளைகளிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் படங்களை விண்ணப்பத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடம் ஓட்டுவதற்கு அனுமதி கிடையாது.

என் எம்ஜிபியின் பாக்ஸ் ஒரிஜினல் வகை என்று உறுதியாகிவிட்டது. ஆனால் 1, 2, 3-இல் ஊளைச் சத்தம், நான்கில் அமைதி. நல்ல நிலையில் வேறு பாக்ஸ் ஒன்று கிடைக்கிறது. மாற்றிவிடலாமா?
– வாசகர், பூதப்பாண்டி

மாற்றாதீர்கள். நான்காவது கியரில் சக்தி நேராகப் போகிறது, பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டான லே ஷாஃப்டின் மேல் சுமை இல்லை. மற்ற மூன்றிலும் சத்தம் என்றால் லே ஷாஃப்டும் அதன் ஊசி பேரிங்குகளும் தேய்ந்திருக்கின்றன. நியூட்ரலில் கேட்டு, கிளட்சை மிதித்ததும் மறையும் சத்தமாக இருந்தால் முன் ஷாஃப்ட் பேரிங்கையும் சேர்த்துப் பாருங்கள். இவை எல்லாம் புதிதாகக் கிடைக்கும் பொருட்கள். பேரிங் செட், லே ஷாஃப்ட், பித்தளை சிங்க்ரோ ரிங்குகள், சீல்கள் வாங்கி அதே கேஸில் போடுங்கள். லே ஷாஃப்ட் உட்காரும் துளையே முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் லேத்தில் விரித்து புஷ் அடிக்கலாம். இரண்டு முனைத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு முனையை மட்டும் விரித்தால் மூன்று மாதத்தில் பழைய சத்தம் திரும்பிவிடும்.

எண்ணெயையும் விசாரியுங்கள். எம்ஜிபி பாக்ஸுக்கு உரியது என்ஜின் ஆயில், 20டபிள்யூ-50. ஓவர்டிரைவ் இல்லாத மூன்று சிங்க்ரோ பாக்ஸுக்குச் சுமார் 2.5 லிட்டர், ஓவர்டிரைவ் இருந்தால் சுமார் 3 லிட்டர். நம் பட்டறைகளில் பழக்கத்தில் 90 கியர் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அது ஸ்பிட்ஃபயருக்கும் ஹெரால்டுக்கும் சரி, அவற்றிலும் ஜிஎல்-4 தரம்தான். எம்ஜிபியில் ஊற்றினால் காலையில் கியர் விழ மறுக்கும், ஓவர்டிரைவ் சேராது. ஜிஎல்-5 என்றால் பித்தளை ரிங்குகளுக்கும் ஆகாது. வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். பொன்னிறத் துகள் சிங்க்ரோ ரிங்கிலிருந்து வருவது, அதற்கு அவசரமில்லை. காந்தத்தில் ஒட்டும் இரும்புச் செதில் விரல் நகத்தின் அளவில் வந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட்டு பாக்ஸை இறக்குங்கள். பல் உடைந்து கேஸைக் குத்தினால், காப்பாற்ற நினைத்த அந்தக் கேஸே போய்விடும்.